குறுக்கு வலியும் காலுக்கு இறங்கும் வலியும்: செட்டிநாட்டில் என்னென்ன வழிகள்?

காரைக்குடியைச் சுற்றி எந்தத் தொழிலை எடுத்தாலும் அதோடு ஒரு குறுக்கு வலியும் சேர்ந்தே இருக்கிறது. புதுவயல் அரிசி ஆலைகளில் மூட்டை ஏற்றி இறக்குகிற லோடுமேன்கள், ஆத்தங்குடியில் நாள் முழுக்கக் குனிந்து கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி டைல்ஸ் வார்ப்பவர்கள், கண்டாங்கிச் சேலைக்குத் தறியில் உட்காருபவர்கள், தரையில் காலை மடக்கிக்கொண்டு பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்கள், விசேஷ வீடுகளில் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும் சமையல்காரர்கள். நாற்று நடுபவர்களையும் களை எடுப்பவர்களையும் சொல்லவே வேண்டாம். இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு நடப்பதே பெரும்பாடாகிவிட்ட வீடுகளில் தனியாக வாழும் ஆச்சிகளும் ஐயாக்களும். உழைத்து வந்த வலியும் உட்கார்ந்தே வந்த வலியும் கடைசியில் ஒரே மருத்துவமனைக்குத்தான் போகின்றன.

உலக அளவில் மனிதர்களை நெடுநாள் முடக்கி வைக்கும் நோய்களில் முதலிடம் கீழ்முதுகு வலிக்குத்தான். 2020-ல் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு அது இருந்ததாகவும், 2050-ல் 84 கோடியைத் தாண்டும் என்றும் 2023-ல் வெளியான ‘உலக நோய்ச்சுமை’ ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றுக்குச் சிகிச்சைகளும் பெருகத்தானே செய்யும்? எண்ணெய், ஒத்தடம், நீவல், பெல்ட், கரண்ட், இழுவை, மாத்திரை, நரம்பு ஊசி, லேசர், சாவித்துளை அறுவை, ஸ்க்ரூ வைத்து எலும்பைப் பிணைக்கும் அறுவை. மூன்று மாதத்துக்கு மேல் வலியோடு இருப்பவர்களில் பலர் இவற்றில் பாதியைப் பார்த்து முடித்தவர்களாக இருப்பார்கள். சிகிச்சைக்குப் பஞ்சமில்லை, யாருக்கு எது, எதற்குப் பிறகு எது என்று சொல்லித்தர ஆளில்லை என்பதுதான் குறை. ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: பெரும்பாலோருக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை மிக மலிவானது, அதனாலேயே அதைக் கூவி விற்க யாருமில்லை. அறுவைச் சிகிச்சை ஒரு சிலருக்கு உண்மையாகவே பெரிய விடுதலை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற நீளமான கடைவீதியில்தான் மக்களின் பணம் கரைகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. வலி குறுக்கோடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா? நோயாளியே பதில் சொல்லிவிடக்கூடிய இந்தக் கேள்வி எந்த ஸ்கேனையும்விட முக்கியமானது. குறுக்கில் மட்டும் வலி என்றால், அது தசையா, தசைநாரா, பின்மூட்டுகளா, டிஸ்க்கா என்று பத்தில் எட்டொன்பது பேருக்குத் திட்டமாகச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. புட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாகவோ வெளிப்புறமாகவோ ஓடி, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் சுரீரென்று இறங்கினால், இருமினாலும் தும்மினாலும் அது கூடினால், கட்டைவிரல் பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ மரத்துப்போனால், நரம்பு வேர் ஒன்று நெருக்கப்படுகிறது என்று கொள்ளலாம். இந்தக் கால்வலி நரம்பைச் சேர்ந்தது என்று இத்தாலிய மருத்துவர் தொமெனிகோ கொதுன்யோ 1764-லேயே எழுதிவைத்தார். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே பலருக்குக் காரணம் என்று காட்ட 1934 வரை ஆனது. அமெரிக்காவின் மிக்ஸ்டரும் பாரும் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையிலிருந்துதான் டிஸ்க் அறுவைச் சிகிச்சையின் காலம் தொடங்குகிறது.

டிஸ்க்கைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பகுதி கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, ரத்தக் குழாய் இல்லாத டிஸ்க்குக்குச் சத்து எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை உயிருள்ள மனிதர்களிடமே தொடர் எம்.ஆர்.ஐ. படங்கள் மூலம் காட்டியது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடுகள் வழியாகக் கசிந்துதான் சத்து உள்ளே போகிறது. அந்தத் தகடு பழுதானால் டிஸ்க் பட்டினி கிடந்து காய்கிறது. 2013-ல் அதே குழு டிஸ்க் பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்து, டிஸ்க்கின் வெளி வளையம் கிழிவதைவிட, வளையம் எலும்புத் தகட்டோடு சேருமிடம் பெயர்வதே அதிகம் என்று கண்டது. இரண்டு ஆய்வுகளுக்கும் முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான பன்னாட்டுப் பரிசு கிடைத்தது.

அதே மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாவது ஆய்வுதான் காரைக்குடிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நம் ஊரில் குறுக்கு வலி என்று போனால், வலி வந்து நாலு நாள் ஆகியிருந்தாலும்கூட, ஸ்கேன் எடுக்காவிட்டால் டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்ற எண்ணம் இருக்கிறது. படத்தோடு வரும் அறிக்கையில் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’, ‘தேய்மானம்’, ‘நரம்புத் துளை குறுகல்’ என்று வரிசையாக இருக்கும். அதைப் படித்த அன்றே மனிதர் பாதி நோயாளியாகிவிடுகிறார். ஜவ்வு விலகிவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது, இனி குனிய முடியாது என்று வீடே பேசத் தொடங்கும். 2021-ல் வெளியான ஆய்வில் கங்கா குழுவினர், படத்தில் ஒரே மாதிரி மாற்றங்கள் இருந்த 44 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம் அறிக்கையிலுள்ள குறைகள் முழுவதையும் விவரித்தார்கள். இன்னொரு பிரிவினரிடம், இவை வயதோடு எல்லோருக்கும் வரும் மாற்றங்களே, முதுகு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். சிகிச்சையில் வேறுபாடு இல்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், குறைகளைக் கேட்டவர்களுக்கு வலியும் அதிகம், தன்னால் இயங்க முடியும் என்ற நம்பிக்கையும் குறைவு. சொல்லே வலியைக் கூட்டியிருக்கிறது.

அந்த மாற்றங்கள் எவ்வளவு சாதாரணமானவை என்பதற்கும் கணக்கு உண்டு. முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் படங்களை ஒன்றாகத் தொகுத்த 2015-ம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் பல்ஜ் இருபதில் 30, எண்பதில் 84 விழுக்காடு. வலியில்லாதவர்களின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. வலி இருக்கும் ஒருவருக்குப் படத்தில் பல்ஜ் தெரிந்தால் அதுதான் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. காலுக்கு இறங்கும் வலியும் படத்தில் நெருங்கும் நரம்பும் ஒத்துப்போனால் மட்டுமே அந்தப் படத்துக்குப் பொருள்.

ஸ்கேன் உடனே வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தவறவிடுவது பெருங்குற்றம். சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்நரம்புக் கற்றை முழுவதும் நசுங்கும் நிலை அது. நாள் கடந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது, புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாக வரும் குறுக்கு வலி, மாதவிலக்கு நின்ற பெண் வழுக்கி விழுந்த பின் வரும் வலி, இவையும் காத்திருக்கக் கூடாதவை. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் ஓயாத இரவு வலி என்றால் நம் நாட்டில் முதலில் காசநோயை நினைக்க வேண்டும். முதுகெலும்புக் காசநோய்க்குப் பெரிய அறுவை இல்லாமலே, நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாத மாத்திரையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நலமடைகிறார்கள் என்று பத்தாண்டு பின்தொடர்ந்து நிரூபித்தது சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம்தான். 1999-ல் வந்தது அந்த அறிக்கை. இளைஞர் ஒருவருக்கு விடியற்காலையில் இடுப்பு மரக்கட்டையாக இறுகி, நடந்து திரிந்தால் இளகுகிறது என்றால் அது மூட்டு அழற்சி வகை. அதற்கு வாதநோய் மருத்துவர் வேண்டும். இதைச் சாதாரணக் குறுக்கு வலி என்று எண்ணிப் பல ஆண்டுகளைத் தொலைப்பவர்கள் அதிகம்.

கால்வலி எல்லாமே முதுகிலிருந்து வருவதும் இல்லை. இந்தியாவின் பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் சொன்னது. இரண்டு பாதங்களும் இரவில் எரிவது, பஞ்சில் நடப்பது போலத் தோன்றுவது பெரும்பாலும் அந்த நோயின் வேலை. அதற்கு இடுப்பில் ஊசி போட்டுப் பயனில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி நிற்க வைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நின்றாலே விட்டுவிடும் என்றால், பீடி சிகரெட் பழக்கமும் இருந்தால், காலின் ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடும் என்றால் முதுகுத் தண்டுக் கால்வாய் குறுகியிருக்கிறது. சைக்கிள் மிதிக்க முடிகிற, ஆனால் நூறடி நடக்க முடியாத பெரியவர் இந்த இரண்டாவது வகை.

சிகிச்சைக்கு வருவோம். வலி என்றதும் வீட்டில் சொல்லும் முதல் வார்த்தை ‘படுத்துக்கோ’. 1986-ல் டெக்சாஸில் ரிச்சர்ட் டேயோவும் உடன் பணியாற்றியவர்களும் 203 பேரை வைத்துப் பார்த்தார்கள்: இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே மாதிரி குணமானார்கள், ஏழு நாள் படுத்தவர்களுக்கு வேலை நாட்கள்தான் அதிகம் போயின. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் எல்லாம் இன்னும் கடுமையாக அதையே சொல்கின்றன. கட்டாந்தரையில் படுக்கச் சொல்வதும் நம் வழக்கம். மெத்தையைப் பற்றி ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்த 2003-ம் ஆண்டு ஆய்வில் கல்போன்ற மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையே வலியைக் குறைத்தது. ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சியில் படுத்துப் பழகியவர்களுக்கு அது இதமாக இருந்தால் படுக்கட்டும்; அதை மருந்தென்று எண்ணி வயதானவர்களைத் தரையில் கிடத்த வேண்டாம். ‘வாழ்நாள் முழுக்கக் கீழே உட்காரக் கூடாது, குனியவே கூடாது’ என்ற தடையும் அப்படியே. வலி கடுமையாக இருக்கிற சில வாரங்களுக்கு அது சரி. பந்தியில் உட்காரவும் கோலம் போடவும் பயந்து ஆண்டுக்கணக்கில் விறைத்துக்கொண்டு வாழ்வது முதுகை மேலும் பலவீனமாக்கும்.

உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று தன் முதல் வழிகாட்டுதலை 2023 டிசம்பரில் வெளியிட்டது. வேறு நோயால் வராத வலிக்கானது அது. விளக்கிச் சொல்லுதல், முறையான உடற்பயிற்சி, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் நீவலும், மனநலம் சார்ந்த சிகிச்சை, தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை என்று பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, ஓபியாய்டு மாத்திரை இவை வழக்கமாக வேண்டாம் என்கிறது. நம் ஊர்க் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். பெல்ட் இல்லாத குறுக்கு வலிக்காரரைப் பார்ப்பது அரிது. பிசியோதெரபி என்றாலே ‘பத்து நாள் கரண்ட் வச்சேன்’ என்றுதான் சொல்கிறார்கள். கரண்ட் வைக்கிறபோது சுகமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் மெஷினுக்கு அடியில் படுத்திருக்கும் நேரம் பிசியோதெரபிஸ்ட்டின் மிகக் குறைந்த திறமையைத்தான் பயன்படுத்துகிறது. அவருடைய உண்மையான வேலை, இந்த மனிதர் எப்படிக் குனிகிறார், எந்த அசைவுக்குப் பயப்படுகிறார், எதை எத்தனை முறை செய்தால் பலம் ஏறும் என்று கண்டு, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொடுப்பது. அதற்கு நேரமும் பேச்சும் வேண்டும். பத்து நாள் கரண்ட்டுக்குக் கொடுக்கிற பணத்தை, இரண்டு மாதத்தில் ஐந்தாறு முறை பயிற்சி சொல்லித்தரச் செலவிடுங்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

எந்தப் பயிற்சி என்பதில் பெரிய பேதமில்லை. யோகாவை எடுத்துக்கொண்டால், 2017-ல் அமெரிக்காவில் ஏழை எளிய 320 பேரிடம் நடந்த சோதனையில் பன்னிரண்டு வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குச் சளைக்கவில்லை. காரைக்குடியில் யோகா கற்க இடங்களுக்குக் குறைவில்லை. நரம்பு இழுக்கும் நாட்களில் முன்குனியும் ஆசனங்களை மட்டும் ஆசிரியரிடம் சொல்லித் தள்ளிவைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எளியது நடை. வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-ல் வெளியான சோதனையில், படிப்படியாக ஏற்றி வாரம் ஐந்து நாள் அரைமணி நடைக்கு வந்தவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். செருப்பைத் தவிர வேறு செலவில்லாத மருந்து இது. செட்டிநாட்டுக்கு நடை புதிதும் அல்ல. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடி நூற்றாண்டுகளாகப் போகிறது, திரும்பி வருவதும் நடந்தேதான். ஒவ்வோர் ஆண்டும் குறுக்கு வலிக்காரர்கள் ‘நான் இந்த வருஷம் போகலாமா’ என்று கேட்கிறார்கள். காலில் பலக்குறைவோ மரப்போ இல்லையென்றால் போகலாம்; ஆனால் புரட்டாசியிலேயே தினமும் நடக்கத் தொடங்க வேண்டும். பதினொரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே வாரத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடப்பதைத்தான் முதுகு மன்னிக்காது.

மாத்திரைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அவற்றின் பங்கும் சுருக்கம்தான். டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக் போன்றவை வலி முற்றிய சில நாட்களுக்கு உதவும்; மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகமும் இரைப்பையும் விலை கொடுக்கும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாக. கால்வலிக்கு ‘நரம்பு மாத்திரை’ என்று பரவலாக எழுதப்படும் பிரிகாபலின், 2017-ல் 209 பேரிடம் சோதித்தபோது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாகச் செயல்படவில்லை; தலைசுற்றல்தான் அதிகம் தந்தது. வயதானவர்கள் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இதில் பெரிய ஆபத்து. ஓபியாய்டு மாத்திரைகள் புதிதாக வந்த முதுகு வலிக்குக்கூட வெறும் மாத்திரைக்கு மேல் இல்லை என்று 2023-ம் ஆண்டுச் சோதனை காட்டியது. ‘ஊசி போட்டால்தான் கேட்கும்’ என்று புட்டத்தில் வலி ஊசி கேட்டு வாங்குவதும் வேண்டாம்; தவறான இடத்தில் இறங்கினால் அந்த ஊசியே கால் நரம்பைக் கெடுத்துவிடும்.

பெண்கள் பலர் தங்கள் குறுக்கு வலியைப் பிரசவத்தின்போது முதுகில் போட்ட மயக்க ஊசியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பிரசவ வலிக்கு முதுகில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளில் நெடுநாள் முதுகு வலியில் வேறுபாடு காணப்படவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசை, பிள்ளையைத் தூக்கியும் குனிந்து பால் கொடுத்தும் வரும் பளு, தூக்கமின்மை, மீளுவதற்கு இடம் தராத வீட்டு வேலை, இவைதான் காரணம். ஊசியைக் குறை சொல்லி அமர்ந்துவிட்டால், சரிசெய்யக்கூடிய இந்தக் காரணங்களை யாரும் தொடுவதில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சித்த மருத்துவத்தை ஒதுக்கிவிட்டு இந்தப் பகுதியின் வலியைப் பற்றிப் பேச முடியாது. வாத நோய்கள் எண்பது என்று யூகி வைத்திய சிந்தாமணி வகுத்திருக்கிறது. இடுப்புத் தேய்மான வலியை இன்றைய சித்த மருத்துவர்கள் தண்டக வாதம் என்கிறார்கள். உளுந்துத் தைலம், பிண்டத் தைலம் தடவித் தொக்கணம் என்னும் நீவல் செய்வது, நொச்சி, ஆமணக்கு, தழுதாழை இலைகளை வதக்கி ஒற்றடம் கொடுப்பது, வர்மப் புள்ளிகளைத் தொடுவது, உள்ளுக்கு அமுக்கராச் சூரணம் என்று முறை விரிகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் முதல் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகள் வரை இதற்கு இடமிருக்கிறது. வெப்பமும் நீவலும் வலியைக் குறைத்து மனிதரை எழுந்து நடக்க வைக்கின்றன என்பதில் நவீன ஆய்வுக்கும் இதற்கும் சண்டையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் நீவலும் இருக்கிறது, மிளகாயின் காரச்சத்து சேர்ந்த மேற்பூச்சும் இருக்கிறது. தைலம் தடவிய பின் நடக்கிறாரா, படுத்துக்கொள்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் பலன். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போகாமல், பெயரும் இல்லாமல் சேர்மானமும் எழுதாமல் பொட்டலத்தில் வரும் ‘மூன்றே நாளில் குணம்’ பொடிகளை வாங்கித் தின்பது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டின் பல இடங்களில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. மூன்று நாளில் வலி போவது அதனால்தான். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உள்ளுக்குள் பொத்தலாகும். காலை முன்னே வைத்துப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையும் இன்னும் இருக்கிறது. எலும்பு மெலிந்த பாட்டியின் முதுகில் யாரையும் கால் வைக்க விடாதீர்கள்.

நரம்பைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசி அடுத்த படி. காலுக்கு இறங்கும் வலிக்கு அது சில வாரங்கள் சிறிதளவு ஆறுதல் தரும். நாளடைவில் போட்டவரும் போடாதவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். குறுக்கோடு நிற்கும் வலிக்கு அந்தச் சிறிதளவும் கிடைப்பதில்லை. 2025-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இந்த ஊசிகளும் நரம்பைச் சுடும் சிகிச்சையும் வேண்டாம் என்றே அழுத்திச் சொல்கிறது. வலி நிபுணர்கள் அதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. தூங்கவிடாத கால்வலியோடு இருப்பவர் அறுவைக்கு முன் ஒரு முறை முயல்வதை நான் தடுக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒன்று என்று தவணையாகப் போடுவதைத் தடுப்பேன்.

அறுவைக்கு அஞ்சுபவர்கள் ஒரு பக்கம், அவசரப்படுபவர்கள் மறுபக்கம். இரு சாராரும் தெரிந்துகொள்ள வேண்டியது, பிதுங்கிய டிஸ்க்கில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே சுருங்குகிறது என்பது. பெரிதாகப் பிதுங்கியதுதான் அதிகம் சுருங்கும் என்பது வியப்பான உண்மை. நெதர்லாந்தில் கடும் கால்வலி கொண்ட 283 பேரிடம் நடந்த 2007-ம் ஆண்டுச் சோதனையில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் பாதிப்பேர் நான்கு வாரத்தில் மீண்டார்கள். காத்திருந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. ஓராண்டில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் நலம். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்குக் கடைசியில் அறுவை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அப்படியானால் காத்திருந்தும் தீராதவர்கள்? கனடாவில் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை கால்வலியோடு இருந்த 128 பேரை 2020-ல் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், பத்துக்கு இவ்வளவு என்ற வலிக் கணக்கில் அறுவை செய்தவர்கள் 2.8-க்கு இறங்கினார்கள், செய்யாதவர்கள் 5.2-ல் நின்றார்கள். ஆக, காலுக்கு இறங்கும் வலி, படத்தோடு ஒத்துப்போவது, இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தீராதது, இந்த மூன்றும் சேர்ந்தால் டிஸ்க் அறுவை நல்ல சிகிச்சை. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் கடைவீதியில் அலைவதுதான் தவறு. கால்வாய் குறுகி நடக்க முடியாத பெரியவர்களுக்கும் நெருக்கத்தைத் தளர்த்தும் அறுவை உதவுகிறது. அதோடு ஸ்க்ரூ வைத்து எலும்பைப் பிணைக்கவும் வேண்டுமா என்று கேளுங்கள்: 2016-ல் ஸ்வீடனில் 247 பேரிடம் பார்த்ததில் பிணைத்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. குறுக்கு வலிக்கு மட்டும் எலும்பைப் பிணைப்பதைப் பற்றி இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தீவிரமான பயிற்சித் திட்டத்தோடு ஒப்பிட்டபோது நார்வேயிலும் இங்கிலாந்திலும் அது பெரிதாக விஞ்சவில்லை.

பெரிய அறுவைக்கு இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போவது வழக்கம். 2012-ல் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு தொலைவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பட்டியலிலுள்ள மருத்துவமனைச் சிகிச்சைகளுக்குத்தான். வாராவாரம் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்வரும் பேருந்துக் கட்டணத்துக்கும் அன்றைய கூலி இழப்புக்கும் எந்த அட்டையும் இல்லை. அறுவைக்குக் காசு கிடைத்து, அறுவையைத் தவிர்க்கும் பயிற்சிக்குக் காசு கிடைக்காத அமைப்பில் மக்கள் எந்தப் பக்கம் போவார்கள்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடத்தில்தான் நம்பிக்கை தருகிறது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவது அதில் ஓர் அங்கம். பெரும்பாலும் பக்கவாதத்தால் படுத்தவர்களுக்குப் போகும் அந்தக் கைகள், பெரிய வீட்டில் தனியாக இருந்து நடையையே மறந்துகொண்டிருக்கும் ஆச்சிக்கும் போக வேண்டும். அவருடைய வலியில் பாதி தனிமையும் தூக்கமின்மையும் என்பதை வீட்டுக்குப் போனவரால்தான் பார்க்க முடியும்.

லோடுமேனின் நிலை வேறு. ‘இனி கனம் தூக்கக் கூடாது’ என்று சீட்டில் எழுதிக்கொடுப்பது அவருக்குச் சிகிச்சை அல்ல, வேலை நீக்கம். அவர் மறுநாளே வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூட்டையடியில் நிற்பார். அந்தச் சுமைக்கும் ஒரு வரம்பு உண்டு: வயதுவந்த ஆண் ஒருவர் தூக்குவது 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அவருக்குத் தேவை, பளு தூக்குவதையே படிப்படியாகத் திரும்பப் பழக்கும் பயிற்சி; அதுவரை மூட்டை தைப்பது, எடை போடுவது போன்ற மாற்று வேலை; ஆலைக்குள் தள்ளுவண்டியும் தோளுயர மேடையும். ஆத்தங்குடிப் பட்டறையில் வார்க்கும் பலகையை இடுப்பளவு உயர்த்துவதும், கொட்டான் முடைபவர்கள் மணிக்கொரு தரம் எழுந்து நடப்பதும் அதே கணக்கில் வரும். 2024-ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று அரசு பணியிடங்களுக்கே போகத் தொடங்கியது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க. அந்தக் குழுவில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைச் சேர்த்து, புதுவயலில் லாரி வந்து நிற்பதற்கு முந்திய காலை வேளையில் ஒரு மணி நேரம் ஆலை முற்றத்திலேயே உட்கார வைக்க வேண்டும். குனியச் சொல்லிப் பார்க்கட்டும், காலை நீட்டித் தூக்கச் சொல்லிப் பார்க்கட்டும், யாருக்குப் பயிற்சி போதும், யாரைச் சிவகங்கைக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கேயே பிரித்துச் சொல்லட்டும்.